ஆற்றில் கழிவு கலந்தால் யாரிடம் போவது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அல்புகர்க்கியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் காலையில் நடக்கிறீர்கள். தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது. ஒரு பெரிய குழாயின் வாயிலிருந்து நுரை தள்ளிக்கொண்டு வருகிறது. நம் ஊராக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போட்டிருப்பீர்கள். இங்கே யாருக்கு எழுதுவது? நகரத்துக்கா, நியூ மெக்சிகோ மாநிலத்துக்கா, வாஷிங்டனுக்கா?

இந்த மூன்றையும் யோசிப்பவர்கள்கூட இன்னொரு அரசை மறந்துவிடுகிறார்கள். நகரத்தின் கழிவுநீர் நிலையத்திலிருந்து தெற்கே சில மைல் போனால் இஸ்லெட்டா புவெப்லோவின் எல்லை வந்துவிடும். அது ஒரு பழங்குடி அரசு. இந்த ஆற்றில் என்ன கலக்கலாம், எவ்வளவு கலக்கலாம் என்பதில் அதன் சொல்லுக்குச் சட்ட பலம் இருக்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, பழங்குடி அரசு என மூன்றும் சேர்ந்துதான் இந்த நாட்டின் ஆற்றையும் காற்றையும் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் யாருக்கு எது பொறுப்பு என்று தெரியாமல் எழுதும் புகார்கள் மேசை மேசையாகச் சுற்றி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

பழங்குடி என்றதும் நம் மனதில் மலைக்கிராமமும் நலத்துறைத் திட்டமும் வருகின்றன. ரிசர்வேஷன் என்றதும் இடஒதுக்கீடு ஞாபகம் வரும். இங்கே இரண்டுக்கும் பொருள் வேறு. அமெரிக்க மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிகள் 570-க்கும் மேல். ஒவ்வொன்றும் ஓர் அரசு. பலவற்றுக்குச் சொந்த மன்றம், நீதிமன்றம், காவல்துறை, சுற்றுச்சூழல் துறை எல்லாம் உண்டு. பலர் அமெரிக்காவோடு நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். ரிசர்வேஷன் என்பது அவர்களுக்கென்று உள்ள நிலம். அந்த எல்லைக்குள் மாநில அரசின் சுற்றுச்சூழல் அதிகாரம் பொதுவாகச் செல்லாது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது எல்லாரும் இபிஏ என்று சொல்கிற மத்திய அமைப்பு, 1970 டிசம்பரில் தொடங்கியது. பழங்குடி அரசுகளோடு அரசுக்கு அரசு என்ற முறையில்தான் நடந்துகொள்வோம் என்று 1984-ல் எழுத்தில் கொள்கை வகுத்தது. அப்போது அதன் தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ். அந்தக் கொள்கையின் வழியில்தான் பின்னால் சட்டங்களும் வந்தன.

நீங்கள் நிற்கும் இடம் யாருடையது?

புகாரின் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் வரைபடத்தைத் திறங்கள். சம்பவம் நடந்த இடம் ரிசர்வேஷனுக்கு உள்ளேயா, வெளியேயா? இதைச் சாலையோரப் பலகையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சில இடங்களில் நிலம் சதுரங்கக் கட்டம் போலக் கிடக்கிறது: ஒரு கட்டம் பழங்குடிக்கு, அடுத்தது தனியாருக்கு, அதற்கடுத்தது மத்திய அரசுக்கு. சந்தேகம் இருந்தால் பழங்குடி அரசின் சுற்றுச்சூழல் துறைக்கோ இபிஏ வட்டார அலுவலகத்துக்கோ தொலைபேசியில் கேட்டுவிடலாம்.

இபிஏவுக்கு நாடு முழுக்கப் பத்து வட்டார அலுவலகங்கள். நியூ மெக்சிகோ மாநிலம் ஆறாம் வட்டாரம், அதன் அலுவலகம் டாலஸில். ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நேஷன் என்ற பழங்குடி அரசின் நிலத்துக்கு ஒன்பதாம் வட்டாரம், சான் பிரான்சிஸ்கோ. நவஹோ நிலம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் விரிந்து கிடப்பதால் எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் டாலஸுக்கு எழுதினால் கடிதம் கைமாறுவதிலேயே வாரங்கள் போய்விடும்.

சில இடங்களுக்குத் தனி விதி உண்டு. அலாஸ்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட பழங்குடிகள் இருந்தாலும் 1971 சட்டத்துக்குப் பிறகு ரிசர்வேஷன் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. மெயின் மாநிலத்துக்கு 1980-ல் ஒரு தனி ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஓக்லஹோமாவுக்கு 2005-ல் ஒரு மத்தியச் சட்டத்தின் நடுவில் சேர்த்த பிரிவு, பழங்குடி நிலத்திலும் மாநிலமே திட்டங்களை நடத்த வழிவிட்டது. இந்த மூன்றில் ஒன்றில் நீங்கள் இருந்தால், கீழே சொல்வதை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு நடங்கள்.

எந்தச் சட்டம், யார் கையில்?

காற்றுக்கு 1970 சட்டம், ஆறு குளங்களுக்கு 1972 சட்டம், குடிநீருக்கு 1974 சட்டம். மூன்றிலும் அடிப்படை யோசனை ஒன்றுதான். குறைந்தபட்ச அளவை வாஷிங்டன் சொல்லும். அதைவிடத் தளர்வாக யாரும் வைக்கக் கூடாது, கடுமையாக வைக்கலாம். அன்றாட வேலையை, அதாவது அனுமதி கொடுப்பது, சோதனைக்குப் போவது, அபராதம் போடுவது எல்லாவற்றையும், தகுதி காட்டும் மாநிலம் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான மாநிலங்கள் வாங்கிக்கொண்டுவிட்டன. அதனால் உங்கள் முதல் தொலைபேசி அழைப்பு அநேகமாக மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் விலக்குகள் உண்டு. வயோமிங்கில் குடிநீர்ச் சட்டத்தை இபிஏவே நேரடியாக நடத்துகிறது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூ மெக்சிகோ மாநிலங்களில் ஆற்றில் கழிவுநீர் விடும் அனுமதியை இபிஏதான் எழுதிவந்திருக்கிறது. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள நியூ மெக்சிகோ 2025-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே எழுதுவதற்கு முன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழங்குடி அரசுகளின் இடம் இந்தச் சட்டங்களில் முதலில் தெளிவாக இல்லை. 1986-ல் குடிநீர்ச் சட்டத்திலும், 1987-ல் நீர்ச் சட்டத்திலும், 1990-ல் காற்றுச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. விண்ணப்பித்துத் தகுதி பெற்றால், ஒரு பழங்குடி அரசையும் மாநிலத்துக்கு இணையாக நடத்தலாம் என்பதே அந்தத் திருத்தங்களின் சாரம். நவஹோ நேஷன் 2000-ல் தன் நிலத்தின் குடிநீர்ப் பொறுப்பை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. மொன்டானாவின் வடக்கு ஷையேன் மக்கள் இதற்கெல்லாம் முன்பே, 1977-ல், தங்கள் ரிசர்வேஷனின் காற்றைத் தேசியப் பூங்காக்களுக்குரிய, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் கோல்ஸ்ட்ரிப் நிலக்கரி மின்நிலையம் விரிவடையத் திட்டமிட்டிருந்த காலம் அது.

சரி, மாநிலம் பொறுப்பை வாங்கிக்கொண்டால் மத்திய அரசு கைகழுவிவிடலாமா? முடியாது. மிஷிகனின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை மாற்றினார்கள். குழாய்களிலிருந்து ஈயம் கலந்தது. அங்கே குடிநீர்ப் பொறுப்பு மாநிலத்திடம் இருந்தது. ஆனாலும் உடனடி ஆபத்து என்றால் குறுக்கிடும் அதிகாரம் இபிஏவிடமே இருந்தது. அவசர உத்தரவு வந்தது 2016 ஜனவரியில்தான். இவ்வளவு தாமதம் ஏன் என்ற கேள்வி இன்றும் அந்த ஊர் மக்களிடம் இருக்கிறது, நியாயமாகவே இருக்கிறது. புதிதாக வந்த நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: மாநிலத்துக்கு எழுதும் கடிதத்தின் நகலை இபிஏ வட்டார அலுவலகத்துக்கும் அன்றே அனுப்புங்கள்.

அனுமதிச் சீட்டைத் தேடிப் படியுங்கள்

நுரை வந்த அந்தக் குழாய்க்குத் திரும்புவோம். ஆற்றில் விழும் ஆலைக் குழாய், கழிவுநீர்க் குழாய் எதற்கும் ஒரு பர்மிட் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே குற்றம். பர்மிட் எண்ணில் முதலில் மாநிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம், பிறகு ஏழு இலக்கங்கள் இருக்கும். இபிஏவின் எக்கோ என்ற தரவுத்தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம்.

பர்மிட் கையில் கிடைத்ததும் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், அலுத்துவிடும். அதோடு கூட வரும் விளக்க அறிக்கையை முதலில் எடுங்கள். கழிவுநீர் எங்கே விழுகிறது, அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள், எந்தத் தர அளவுகோலை வைத்து வரம்பு கணக்கிட்டார்கள் என்று ஓரளவு எளிய மொழியில் அதில்தான் இருக்கும். அப்புறம் பர்மிட்டில் வரம்பு அட்டவணையைப் பாருங்கள். இ.கோலை பாக்டீரியா, அம்மோனியா, குளோரின், ஆக்சிஜன் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாதச் சராசரி, அதிகபட்சம் என்ற எண்கள். அந்த எண்களை எக்கோவில் உள்ள மாத அளவீடுகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீறிய மாதங்கள் தனியாகத் தெரியும். "நாற்றம் அடிக்கிறது" என்று எழுதிய புகாருக்கும், "இந்தப் பர்மிட்டில், இந்த மாதம், அம்மோனியா வரம்பைத் தாண்டியிருக்கிறது" என்று எழுதிய புகாருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

ஒரு பர்மிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். காலாவதி தேதி முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைக் குறித்து வையுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடைமடையின் சொல்: இஸ்லெட்டாவில் நடந்தது

அல்புகர்க்கியின் பர்மிட்டில் உள்ள வரம்புகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்த மூன்று அரசு ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது மனதில் பதியும்.

இஸ்லெட்டா மக்கள் ரியோ கிராண்டேவை வெறும் பாசனத்துக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. சடங்குகளில் ஆற்றில் இறங்குகிறார்கள், அந்தத் தண்ணீர் வாய்க்குள்ளும் போகிறது. மேலே ஒரு பெருநகரத்தின் கழிவுநீர் நிலையம். 1980-களின் பிற்பகுதியில் அந்தப் புவெப்லோவின் ஆளுநராக இருந்தவர் வெர்னா வில்லியம்சன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1987 திருத்தம் கொடுத்த கதவை அவர் காலத்தில் தட்டத் தொடங்கினார்கள். 1992 டிசம்பரில் இஸ்லெட்டாவின் நீர்த் தர அளவுகோல்களை இபிஏ ஏற்றது. அந்தச் சட்டத்தின் கீழ் இப்படிச் செய்த முதல் பழங்குடி அரசு அதுதான். மாநிலத்தின் அளவுகோல்களைவிட அவை கடுமையானவை. ஆற்றின் பயன்களில் ஒன்றாகச் சடங்கையும் எழுதிவைத்திருந்தார்கள்.

நகரம் இபிஏ மீது வழக்குப் போட்டது. கீழே இருக்கும் சிறிய பழங்குடி அரசு வைக்கும் அளவுக்கு மேலே இருக்கும் நகரம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் வாதத்தின் அடி. 1996-ல் பத்தாம் சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்லெட்டாவின் பக்கம் நின்றது. மத்திய அளவைவிடக் கடுமையாக வைக்கப் பழங்குடி அரசுக்கு உரிமை உண்டு, கடைமடையின் அளவுக்கு ஏற்பத் தலைமடையில் இருப்பவரின் பர்மிட்டை எழுத இபிஏவுக்கு அதிகாரம் உண்டு என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. நகரம் தன் கழிவுநீர் நிலையத்தை மேம்படுத்தியது.

தண்ணீருக்காகத் தலைமடையைப் பார்த்து நிற்கும் கடைமடை விவசாயியின் மனம் நமக்குத் தெரியும். அதனால் இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கவனியுங்கள், இஸ்லெட்டா நகரத்துக்குப் பர்மிட் எழுதவில்லை, அபராதமும் போடவில்லை. தன் எல்லைக்குள் ஆறு எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டமாக எழுதியது. மற்றதைச் செய்தது மத்திய அரசின் பேனா. கூட்டுப் பொறுப்பு என்பது நடைமுறையில் இதுதான்.

எல்லா இடத்திலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த நீர்த் தர அளவுகோலுக்கு ஒப்புதல் பெற்ற பழங்குடி அரசுகள் இன்னும் சிறுபான்மைதான். ஆய்வகம், வழக்கறிஞர், பல ஆண்டு அளவீடு என்று செலவு அதிகம். உங்கள் ஆற்றின் கீழே இருக்கும் பழங்குடிக்கு அளவுகோல் உண்டா என்று இபிஏவின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாளை நழுவவிடாதீர்கள்

பர்மிட் காலாவதியாகும்போது புதிய வரைவு வெளியாகும். பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுப்பார்கள். காலாவதி தேதியைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரு பழக்கம் தெரிந்திருக்கட்டும்: புதுப்பிக்க விண்ணப்பம் நேரத்துக்குப் போயிருந்தால், பழைய பர்மிட் தேதி தாண்டியும் செல்லும். சில பர்மிட்டுகள் அப்படியே வருடக்கணக்கில் ஓடுகின்றன.

கருத்தை எழுத்தில் கொடுங்கள். பக்க எண், அட்டவணை எண், தேதி, படம் எல்லாம் இருக்கட்டும். ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, விஷயம் துல்லியமாக இருந்தால் போதும். நீங்கள் குடியுரிமை பெற்றவரா, விசாவில் இருப்பவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுப்ப நினைக்கும் எல்லாக் கேள்விகளையும் இந்த 30 நாளுக்குள் எழுப்பிவிடுங்கள். இபிஏ எழுதும் பர்மிட்டை எதிர்த்து அதன் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கேள்வியை முன்பே யாராவது எழுப்பியிருக்க வேண்டும். மாநிலம் எழுதும் பர்மிட்டுக்கு மேல்முறையீடு மாநிலத்தின் வழியில் போகும்.

இதே கட்டத்தில் இன்னொரு பிடி இருக்கிறது. நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவு. மத்திய அரசின் எந்த அனுமதியும், தண்ணீரில் ஏதாவது கலக்கும் என்றால், அந்த இடத்து மாநிலத்தின் அல்லது தகுதி பெற்ற பழங்குடி அரசின் சான்று இல்லாமல் செல்லாது. அவர்கள் நிபந்தனை போடலாம், மறுக்கலாம். ஓராண்டுக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். கீழே இருக்கும் அண்டை அரசுக்கும் தடை சொல்ல வழி உண்டு, அதற்கு 60 நாள்.

மினசோட்டாவில் ஃபான்டு லாக் பழங்குடி இந்த வழியில்தான் போராடியது. செயின்ட் லூயிஸ் ஆற்றின் மேற்பகுதியில் பாலிமெட் நிறுவனம் செம்பு, நிக்கல் சுரங்கம் தோண்ட அனுமதி வாங்கியிருந்தது. மாநிலம் சான்று கொடுத்துவிட்டது. கீழே இருந்த ஃபான்டு லாக், பாதரசம் எங்கள் மீனுக்கு வரும் என்றது. தங்கள் வாதத்தைக் கேட்க வைப்பதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2022-ல் இபிஏ அந்தப் பழங்குடியின் அளவுகோலை இந்தச் சுரங்கம் மீறும் என்று சொன்னது. 2023 ஜூனில் ராணுவப் பொறியாளர் படை அந்தச் சுரங்கத்துக்குத் தான் கொடுத்திருந்த ஈரநில அனுமதியை ரத்து செய்தது.

பழங்குடி அரசிடம் எப்படிப் பேசுவது?

இதில்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள்கூடத் தவறுகிறார்கள். ஒரு போராட்டக் குழுவை அழைப்பது போல "எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். ஒரு மாநில ஆளுநருக்கு அப்படி அனுப்புவோமா? முதலில் சுற்றுச்சூழல் துறைக்கு முறையான கடிதம் எழுதுங்கள். தலைமைக்கு எழுதினால் பதவிப் பெயரைச் சரியாகப் போடுங்கள். புவெப்லோக்களில் ஆளுநர், நவஹோவில் அதிபர், வேறு பல இடங்களில் தலைவர். நவஹோவில் உள்ளூர் விஷயத்துக்குச் சாப்டர் என்ற உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது, மொத்தம் 110. பல விஷயங்களுக்கு அதுதான் சரியான வாசல்.

அனுமதி இல்லாமல் அவர்கள் நிலத்தில் இறங்கித் தண்ணீர் மாதிரி எடுக்கக் கூடாது. படம் எடுப்பதற்கும் ஒலிப்பதிவுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். புவெப்லோக்களில் இதை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சடங்கைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பியதை அவர்களே சொல்வார்கள். மத்திய அரசின் தகவல் உரிமைச் சட்டம் பழங்குடி அரசுக்குப் பொருந்தாது. ஆவணம் வேண்டுமானால் பணிவாகக் கேட்க வேண்டும், இல்லை என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பொதுமக்கள் கருத்துக் கூட்டம் வேறு, அரசுக்கு அரசு கலந்தாய்வு வேறு. 2000-ல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணைப்படி, தங்களைப் பாதிக்கும் கொள்கைகளில் பழங்குடி அரசுகளை மத்திய அமைப்புகள் தனியாக அழைத்துப் பேச வேண்டும். கருத்துக் கூட்டத்தில் அவர்கள் வரவில்லை என்பதால் அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வேறு அறையில் பேசிக்கொண்டிருக்கலாம்.

அவசரம் என்றால்

எண்ணெய், ரசாயனம் கொட்டியதைக் கண்டால் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். 1-800-424-8802 என்ற தேசிய அவசர மையத்தை அழையுங்கள். இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். அங்கே சொன்ன கையோடு மாநிலத்துக்கும், ஆறு கீழே போகும் பழங்குடி அரசுக்கும் நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள்.

மேலே இருப்பவர்கள் கீழே சொல்லிவிடுவார்கள் என்று நம்ப முடியாது. 2015 ஆகஸ்ட் 5-ல் கொலராடோவில் கோல்டு கிங் என்ற பழைய சுரங்கத்தில் இபிஏவின் குழுவே வேலை செய்துகொண்டிருந்தபோது, சுமார் 1.1 கோடி லிட்டர் நச்சு நீர் உடைத்துக்கொண்டு வந்தது. அனிமஸ் ஆறு மஞ்சளாக ஓடியது. அங்கிருந்து தெற்கு யூட் நிலம், நியூ மெக்சிகோ, சான் வான் ஆறு, நவஹோ நேஷன், யூட்டா என்று போனது. தங்களுக்குச் செய்தி இபிஏவிடமிருந்து வரவில்லை, தெற்கு யூட் பழங்குடியிடமிருந்து வந்தது என்று நியூ மெக்சிகோ அதிகாரிகள் சொன்னார்கள். நவஹோவின் ஷிப்ராக் பகுதியில் மக்காச்சோளமும் பூசணியும் தண்ணீருக்கு நின்ற நேரம். ஆனாலும் பாசன வாய்க்காலைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கூடி வாக்களித்தார்கள். 2022-ல் நவஹோ நேஷனுக்கு 3.1 கோடி டாலரும் நியூ மெக்சிகோவுக்கு 3.2 கோடி டாலரும் கொடுக்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஏழு ஆண்டு கழித்து.

யாருமே அசையவில்லை என்றால்

நீர்ச் சட்டம் சாதாரண மனிதருக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு முன் 60 நாள் அறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். மாநிலமோ இபிஏவோ ஏற்கெனவே நீதிமன்றத்தில் முனைப்பாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தால் உங்கள் வழக்கு நிற்காது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். பல சட்டக் கல்லூரிகளில் இலவசச் சுற்றுச்சூழல் சட்ட உதவி மையம் உண்டு. அங்கே கேளுங்கள்.

பல சமயம் வழக்கு வரை போக வேண்டியிருக்காது, அந்தக் கடிதமே வேலை செய்துவிடும். அதில் மீறல் நடந்த தேதிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள், பர்மிட் எண்ணைப் போடுங்கள். கழிவு விடுபவருக்கும், இபிஏ தலைவருக்கும், மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புவது சட்டப்படி கட்டாயம். இபிஏ வட்டார அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. கடைசியாக இன்னொரு நகல் எடுத்து, ஆற்றின் போக்கில் அடுத்து இருக்கும் பழங்குடி அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்புங்கள். அந்தத் தண்ணீர் அடுத்து அங்கேதான் போகிறது.